வெளிச்சம் யாருடைய கண்ணுக்கு? நீர்த்தாவரத் தொட்டி விளக்கின் வரலாறு, சாந்தன்பாறையின் நிழலிலிருந்து

1. தணலும் நிழலும்

இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலை வட்டத்தில் உள்ள சாந்தன்பாறையில் தமிழும் மலையாளமும் ஒரே ஏலக்காட்டில் புழங்குகின்றன. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக நாள்தோறும் ஜீப்புகளில் வந்து திரும்பும் தொழிலாளர் தமிழர். தோட்டம் நடத்துவோரில் மலையாளிகளும் உண்டு, தமிழரும் உண்டு. ஏலச்செடியின் தலைக்கு மேல் மரங்கள் தரும் மறைவை மலையாளம் 'தணல்' என்கிறது. அதே ஒலிவடிவம் இன்றைய தமிழில் நெருப்புக் கங்கைக் குறிக்கிறது. ஒரு மொழியில் வெயிலைத் தடுப்பது, அண்டை மொழியில் எரிவது.

தமிழ் இதற்கு வழங்கும் சொல் 'நிழல்'. மரத்தடியின் குளிர்ச்சிக்கும் சுவரில் விழும் கரிய உருவுக்கும் அது ஒன்றே. மலையாளமோ முன்னதைத் தணல் என்றும் பின்னதை நிழல் என்றும் பிரித்துக்கொண்டது. பழந்தமிழில் நிழல் என்னும் சொல்லுக்கு ஒளி, பளபளப்பு என்னும் பொருளும் இருந்ததைத் தமிழ்ப் பேரகராதி பதிவு செய்திருக்கிறது. ஒளியையும் அதன் குறைவையும் பெயரிடுவதில் மொழிகள் ஒரே கோட்டைப் போடுவதில்லை என்பதற்கு இந்த ஒரு குடும்பச் சொற்களே போதுமான சான்று.

சாந்தன்பாறையைச் சுற்றிய சில கிலோமீட்டருக்குள் மூன்று வகை ஒளியில் தாவரங்கள் வாழ்கின்றன. 2022 அக்டோபரில் நீலக்குறிஞ்சி பூத்த கள்ளிப்பாறைப் புல்வெளியில் தடையற்ற வெயில். ஆனையிறங்கல் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளில் ஆங்காங்கே நிற்கும் மரங்களிடையே ஏறத்தாழத் திறந்த வெயில். ஏலக்காட்டுக்குள் மரக்கிளைகள் வடிகட்டி அனுப்பும் பாதி வெயில். 'இந்தச் செடிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?' என்னும் கேள்வி அங்கே அன்றாடத் தொழிற்கேள்வி.

அதே கேள்வியை நகரத்து வீட்டு மேசையில் கேட்பவர் நீர்த்தாவரத் தொட்டி வைத்திருப்பவர். மீனைக் காட்டிலும் செடியை முதன்மையாகக் கொண்டு, மண்ணும் கல்லும் மரக்கட்டையும் அடுக்கி, நன்னீருக்குள் தோட்டம் வளர்க்கும் அந்தக் கலையில் முதற்செலவும் முதற்குழப்பமும் விளக்குதான். சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் விளக்கு வாங்கப் போகிறவர் வாட், லூமன், கெல்வின் என்று மூன்று எண்களைச் சந்திக்கிறார். இவற்றுள் ஒன்றுகூடச் செடி பெறும் ஒளியை அளப்பதன்று. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, செடிக்குரிய எண் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்பதே இங்குச் சொல்லப்படும் வரலாறு.

2. ஜன்னலோரத் தொட்டி

1779இல் டச்சு நாட்டில் பிறந்த மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ், இங்கிலாந்தில் தங்கிச் செய்த ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். நீரில் மூழ்கிய இலைகளை வெயிலில் வைத்தால் அவற்றின்மேல் குமிழ்கள் தோன்றுகின்றன. இருளில் வைத்தால் நின்றுவிடுகின்றன. இதற்குக் காரணம் சூரியனின் வெப்பமன்று, ஒளியே என்பது அவர் நிறுவிய முடிவு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஹைட்ரில்லாக் கொடியின்மேல் புனலைக் கவிழ்த்து, அதன் மேல் சோதனைக்குழாயை நிறுத்திக் குமிழ்களை எண்ணும் பாடம் அந்த ஆய்வின் நேர்வாரிசு. இன்றைய தொட்டிக்காரர்கள் 'பெர்லிங்' என்று சொல்லி மகிழ்வதும் இதே குமிழ்களைத்தான். ஒளிச்சேர்க்கை பற்றிய அறிவு நீர்த்தாவரத்தின் உடலிலிருந்தே தொடங்கியது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

அரை நூற்றாண்டு கழித்து 1829இல் இலண்டன் மருத்துவர் நத்தானியேல் பாக்‌ஷா வார்டு, அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்திருந்தார். அதிலிருந்த மண்ணில் பெரணி முளைத்தது. வெளியே நிலக்கரிப் புகையில் வாடிய செடி, புட்டிக்குள் தழைத்தது. அதிலிருந்து உருவான 'வார்டு பெட்டி' கப்பல் தளத்தில் வெயில்பட வைக்கத்தக்க கண்ணாடிக் கூண்டு. ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கொணர்ந்ததும், 1860களின் தொடக்கத்தில் தென்னமெரிக்கச் சின்கோனாக் கன்றுகள் நீலகிரிக்கு வந்ததும் இவ்வகைப் பெட்டிகளில். மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டப் பயிர் வரலாறும் வீட்டு மீன்தொட்டியின் வரலாறும் இந்த இடத்தில் ஒரே கண்ணாடிச் சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன.

வேதியியலர் ராபர்ட் வாரிங்டன் 1849இல் 12 காலன் கொண்ட தொட்டியில் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியாவையும் நத்தைகளையும் சேர்த்து வளர்த்து, அவை ஒன்றையொன்று தாங்குவதை 1850இல் இலண்டன் வேதியியல் கழகத்துக்கு அறிவித்தார். 1853இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் மீன்கூடம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' அந்தப் பெயரையே வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. அன்றைய ஒரே விளக்கு சூரியன். தொட்டியின் இடம் ஜன்னலோரம்.

ஜன்னலோரத்தில் ஒளி பக்கவாட்டிலிருந்து வந்தது. ஆற்றிலும் குளத்திலும் அது மேலிருந்து வருவது. நான்கு பக்கமும் கண்ணாடியாக இருந்த தொட்டிகளில் உட்சுவர் முழுவதும் பாசி படர்ந்தது. கோடையில் நீர் சூடேறியது. மேலிருந்து மட்டும் ஒளி புகவும், முன்பக்கக் கண்ணாடி பார்வைக்கு மட்டும் பயன்படவும் தொட்டியை அமைக்க வேண்டும் என்னும் பாடத்தை அந்தத் தலைமுறை தன் தோல்விகளிலிருந்து கற்றது. ஒளியின் அளவைவிட அதன் திசை முதலில் புரிந்தது. அளவு புரிவதற்கு இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. காரணம், அளவுக்கான மொழி வேறொரு தேவைக்காக உருவாகிக்கொண்டிருந்தது.

3. மெழுகுவர்த்தியின் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒளியை அளக்க வேண்டிய அவசரம் தாவரவியலுக்கு இருக்கவில்லை. எரிவாயு நிறுவனங்களுக்கு இருந்தது. தெருவிளக்குக்குப் பணம் செலுத்தும் நகரம், வாங்கிய வாயு போதிய வெளிச்சம் தருகிறதா எனச் சரிபார்க்க வேண்டியிருந்தது. 1860இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அளவுகோலை வரையறுத்தது: திமிங்கில மெழுகால் ஆன, ஆறில் ஒரு பவுண்டு எடையுள்ள, மணிக்கு 120 கிரெயின் வீதம் எரியும் மெழுகுவர்த்தி. அந்தச் சுடரின் வெளிச்சம் ஒரு 'கேண்டில் பவர்'. இரண்டு வெளிச்சங்கள் சமமா என்பதை முடிவு செய்தது மனிதக் கண்.

கண் எல்லா நிறத்தையும் ஒரே அளவு பிரகாசமாகக் காண்பதில்லை. ஒரே ஆற்றலுடைய நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளுள் பச்சையே பளிச்சென்று தெரியும். 1924இல் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் இந்தச் சாய்வையே ஒரு வளைகோடாக்கி அளவீட்டின் அடிப்படையாக ஏற்றது. அதன் உச்சி 555 நானோமீட்டர். மஞ்சள் கலந்த பச்சை. லூமன், லக்ஸ் ஆகிய அலகுகள் அந்த வளைகோட்டின் வழியாகவே கணக்கிடப்படுகின்றன. 1979இல் கேண்டெலா புதிதாக வரையறுக்கப்பட்டபோதும், தேர்ந்துகொள்ளப்பட்ட அதிர்வெண் கண்ணின் உச்ச உணர்திறனை ஒட்டியதே. ஆகவே 'இந்த விளக்கு 3000 லூமன்' என்னும் கூற்றின் முழுப் பொருள், 'மனிதக் கண்ணுக்கு 3000 லூமன்' என்பது. அந்த முதற்பாதி அட்டைப்பெட்டியில் அச்சாவதில்லை.

கெல்வினும் இத்தகையதே. சூடேறிய கரும்பொருள் ஒன்று எந்த வெப்பநிலையில் எந்த நிறமாக ஒளிருமோ, அந்த நிறத்தோடு விளக்கின் தோற்றத்தை ஒப்பிட்டுச் சொல்வது நிறவெப்பநிலை. 6500 கெல்வின் என்றால் பகல்வெளிச்சம்போல் வெண்மையாகத் தோன்றும் என்று பொருள். இரண்டு விளக்குகள் ஒரே 6500 கெல்வினைக் காட்டியும், உள்ளே சிவப்பும் நீலமும் பச்சையும் வேறு வேறு விகிதத்தில் இருக்கக்கூடும். கண் அவற்றை ஒன்றெனக் கொள்ளும், இலை கொள்ளாது.

கண்ணுக்கு இன்னோர் இயல்பு உண்டு. அது இருட்டுக்கும் வெயிலுக்கும் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. நண்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். நன்கு ஒளியூட்டிய அலுவலக மேசை 500 லக்ஸ். இருநூறு மடங்கு வேறுபாட்டை மனிதர் இருநூறு மடங்காக உணர்வதில்லை. அறையே வெளிச்சமாக இருக்கிறது, செடிக்கு அது போதும் என்று நினைப்பவரின் தொட்டியில் செடி பட்டினி கிடப்பது இதனால்தான்.

4. குழல்விளக்கும் வாட் விதியும்

குண்டு பல்பு தொட்டிக்கு மேல் எரிந்த காலத்தில் அதன் பெரும்பகுதி ஆற்றல் வெப்பமாகவே போயிற்று. 1938இல் அமெரிக்காவில் குழல்விளக்கு விற்பனைக்கு வந்தபோது நிலை மாறியது. நீளமான தொட்டிக்கு நீளமான விளக்கு, குறைந்த சூடு, பரவலான ஒளி. ஜன்னலை விட்டுத் தொட்டி அறையின் உட்புறத்துக்கு நகர்ந்தது. நாளுக்கு எத்தனை மணி நேரம் வெளிச்சம் என்பது முதன்முறையாக மனிதரின் முடிவாயிற்று. பகலின் நீளத்தைக் கொண்டு செடிகள் பூக்கும் காலத்தை அறிகின்றன என்று கார்னரும் அல்லார்டும் 1920இல் வெளியிட்டிருந்த கண்டுபிடிப்பு, அந்த முடிவின் கனத்தை ஏற்கெனவே உணர்த்தியிருந்தது.

குழல்விளக்குக் காலம் தந்த நாட்டுப்புறக் கணிதம்தான் 'ஒரு காலன் நீருக்கு இத்தனை வாட்' என்னும் விதி. ஒன்று முதல் இரண்டு வாட் என்றால் குறைந்த ஒளி, மூன்றுக்கு மேல் என்றால் மிகுந்த ஒளி என்று பொழுதுபோக்காளரிடையே அது வழங்கியது. வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரம், உமிழும் ஒளியன்று. ஆயினும் எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே திறனுள்ள தடித்த குழல்கள் இருந்தவரை விதி பிழைத்தது. மெலிந்த டி5 குழல்களும் நல்ல எதிரொளிப்பான்களும் வந்ததும் அது தடுமாறியது. எல்.இ.டி. வந்ததும் பொருளற்றதாயிற்று. ஆனால் சொல் நின்றுவிட்டது. கடைகளில் இன்றும் முதற்கேள்வி 'எத்தனை வாட்?' என்பதே. அளவுகோல் காலாவதியான பின்னும் அதன் சொல் புழக்கத்தில் நீடிப்பது மொழி வரலாற்றில் அடிக்கடி காணப்படும் நிகழ்வு.

5. ஊதா விளக்கின் பிழை

கண்ணை விட்டுச் செடியின் பக்கம் திரும்ப ஒரு முயற்சியும் நடந்தது. அதன் வேர் 1882இல் இருக்கிறது. ஜெர்மானிய உடலியலர் தியடோர் ஏங்கல்மன், இழையாக வளரும் பச்சைப்பாசி ஒன்றின்மேல் நுண்ணோக்கியின் கீழ் ஒரு சிறு வானவில்லை விழச்செய்தார். ஆக்சிஜனைத் தேடி நகரும் பாக்டீரியாக்களை அந்த நீரில் விட்டார். அவை சிவப்பு விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும் திரண்டன. பச்சை விழுந்த இடத்தில் குறைந்தன. அழகிய ஆய்வு, சரியான முடிவு. பிழை அதன் பின்வந்த வாசிப்பில் நேர்ந்தது. பச்சையில் 'குறைவு' என்பது பாடநூல்களில் 'இல்லை' என்று சுருங்கியது.

1960களின் தொடக்கத்தில் சில்வேனியா நிறுவனம் 'க்ரோ-லக்ஸ்' குழல்விளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீலமும் சிவப்பும் மிகுந்து, பச்சை குறைந்த அந்த ஊதா ஒளி 'செடி விளக்கு' என்னும் தனிப்பொருளையே உருவாக்கிற்று. செடிகள் வளர்ந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் பச்சை இலை கருத்துத் தெரிந்தது.

1972இல் கீத் மெக்ரீ 22 வகைப் பயிர்த்தாவரங்களின் இலைகளை அலைநீளம் அலைநீளமாகச் சோதித்து வெளியிட்ட கட்டுரை, இந்தச் சுருக்கத்தைத் திருத்தியது. சிவப்பில் திறன் மிகுதி. நீலத்தில் சற்றுக் குறைவு. பச்சையிலும் கணிசமான ஒளிச்சேர்க்கை நடக்கிறது. கரைசலில் பிரித்தெடுத்த பச்சையம் பச்சை ஒளியை விட்டுவிடும். முழு இலையிலோ ஒளி உயிரணுக்களிடையே பலமுறை சிதறி, ஈற்றில் பெரும்பகுதி உறிஞ்சப்படுகிறது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்களை நிறம் பாராமல் எண்ணினாலே இலையின் வேலையை ஓரளவு சரியாகக் கணிக்கலாம் என்பது அந்த ஆய்விலிருந்து வலுப்பெற்ற நடைமுறை. 'ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் கதிர்வீச்சு' என்னும் அந்த அளவை ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு 'பார்' என்பர். ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடியில் விழும் துகள்கள் எத்தனை மைக்ரோமோல் என்பது அதன் அலகு.

எண்ணுவதற்குக் காரணம் வேதியியலில் உள்ளது. ஒளிச்சேர்க்கை துகள் துகளாக நடப்பது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிப்பட எட்டுக்குக் குறையாத துகள்கள் வேண்டும். இலை எண்ணுகிறது, கண் எடைபோடுகிறது எனலாம். நண்பகல் வெயில் ஏறத்தாழ 2000 மைக்ரோமோல். மேலே சொன்ன 500 லக்ஸ் மேசைக்குக் கிடைப்பது எட்டுக்கும் குறைவு. மெழுகுவர்த்திச் சட்டத்துக்கும் மெக்ரீ கட்டுரைக்கும் இடையே 112 ஆண்டுகள். இவ்வளவு காலமும் செடிகள் மனிதக் கண்ணின் கணக்கில் வளர்க்கப்பட்டன.

6. அமானோவும் எல்.இ.டி.யும்

ஜப்பானின் நீகாதாவைச் சேர்ந்த தகாஷி அமானோ, மிதிவண்டிப் பந்தய வீரராக இருந்து இயற்கை ஒளிப்படக் கலைஞரானவர். 1982இல் ஏ.டி.ஏ. நிறுவனத்தைத் தொடங்கினார். கார்பன் டை ஆக்சைடை நீரில் கரைத்தல், சத்துள்ள மண், தொட்டிக்கு மேல் தொங்கும் வலிய உலோக ஹாலைடு விளக்கு என்னும் மூன்றையும் ஒரு முறைமையாக அவர் இணைத்தார். காடுகளின் தோற்றம் நீருக்குள் எழுந்தது. 2015இல் லிஸ்பன் கடற்காட்சியகத்தில் அவர் அமைத்த 40 மீட்டர் நீளமுள்ள, 1,60,000 லிட்டர் நன்னீர்த் தொட்டி அவருடைய இறுதிப் பெரும்பணி; அதே ஆண்டு அவர் மறைந்தார்.

1990களின் தொடக்கத்தில் ஷூஜி நாகமுரா உருவாக்கிய பிரகாசமான நீல எல்.இ.டி., வெள்ளை எல்.இ.டி.க்கு வழி திறந்தது. அதற்கான 2014 நோபல் பரிசை இசாமு அகாசாகியுடனும் ஹிரோஷி அமானோவுடனும் அவர் பகிர்ந்துகொண்டார். பெயரொற்றுமை தற்செயல், ஆனால் ஓர் அமானோ அமைத்த தோட்டங்களின்மேல் இன்று எரிவது மற்றோர் அமானோவின் விளக்கு.

எல்.இ.டி. ஒரு பழைய முரணைப் புதிதாக்கியது. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் விளக்குகளில் சிவப்புச் செடி இரத்தச்சிவப்பாகவும் பச்சை மரகதமாகவும் தெரிகின்றன. அது பார்ப்பவருக்காகச் செய்யப்பட்டது. வலிய ஒளியில் செடி உண்மையாகவே செந்நிறமியை மிகுதியாக உண்டாக்குவதும் உண்டு. விளக்கு செடியைச் சிவப்பாக்கியதா, சிவப்பாகக் காட்டியதா என்பதைச் சாதாரணப் பகல்வெளிச்சத்தில் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும்.

7. ஓடையின் ஒளி

உலகெங்கும் அந்தச் சிவப்புக்காக விரும்பி வளர்க்கப்படும் ரொட்டாலா மக்ராண்ட்ரா, தென்மேற்கு இந்தியாவின் ஈரநிலத் தாவரம். திறந்த வெயிலுக்குப் பழகியது. தொட்டியில் வலிய ஒளி இல்லையேல் நிறம் இழக்கும். அதே மலைத்தொடரின் ஓடைக்கரைகளில் வளரும் லாஜெனாண்ட்ரா, கிரிப்டோகொரைன் இனங்கள் நிழலைத் தாங்குபவை. மிகுந்த ஒளியில் அவற்றின் மெதுவாக வளரும் இலைகளில் பாசி குடியேறும். 'மேற்குத் தொடர்ச்சி மலைச் செடி' என்னும் ஒரே பெயரின் கீழ் இவ்விரண்டையும் ஒரு விளக்கின் அடியில் வைப்பது, கள்ளிப்பாறையையும் ஏலக்காட்டையும் ஒன்றெனக் கொள்வதற்கு நிகர்.

மீனுக்கும் இந்தக் கதை உண்டு. 1865இல் பிரான்சிஸ் டே, திருவிதாங்கூர் மலையடியிலுள்ள முண்டக்கயத்திலிருந்து விவரித்து, சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டிய மீன், இன்று வணிகத்தில் 'மிஸ் கேரளா'. 2013 முதல் அதன் பேரினப் பெயர் சஹ்யாத்ரியா. அழியும் ஆபத்திலுள்ள அந்த மீனைப் பிடிப்பதற்குக் கேரள அரசு 2008இல் கட்டுப்பாடு விதித்தது. மலையின் மீனும் செடியும் பெயர் மாறி உலகத் தொட்டிகளுக்குப் போய்ச்சேர்ந்தன. அவை வாழ்ந்த இடத்தின் ஒளி பற்றிய செய்தி உடன் செல்லவில்லை.

அந்தச் செய்தியை எண்ணால் சொல்லலாம். வெப்பமண்டலத்தில் தெளிந்த நாளொன்றில் திறந்தவெளியில் விழும் ஒளித்துகள்கள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 மோல். அடர்ந்த மழைக்காட்டுத் தரைக்கு அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே எட்டும்; அதாவது 0.4 முதல் 0.8 மோல். ஒரு தொட்டியின் அடிமண்ணில் 50 மைக்ரோமோல் ஒளியை எட்டு மணி நேரம் கொடுத்தால் 1.44 மோல். தொட்டிக்காரர் 'நடுத்தரம்' என்று சொல்லும் வெளிச்சம், மழைக்காட்டுத் தரை பெறுவதைப்போல் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்றரை மடங்கு. கரையோரம் காட்டுத் தரையைவிடத் திறந்தது என்பதைக் கணக்கில் கொண்டாலும், நிழற்செடிகளுக்குப் பொதுவாக வெளிச்சம் குறைவதில்லை, மிஞ்சுகிறது.

8. தேர்வின் ஒழுங்கு

இவ்வரலாற்றிலிருந்து விளக்குத் தேர்வுக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. முதலில் செடி, பிறகு விளக்கு. கிரிப்டோகொரைன், பெரணி, பாசிச்செடி வகைகளுக்கு அடிமண்ணில் 20 முதல் 40 மைக்ரோமோல் போதும் என்பது பொதுவழக்கு. சிவப்புத் தண்டுச் செடிகளுக்கு நூறும் அதற்கு மேலும் கொடுப்பர்.

அடுத்து, அளக்க வேண்டிய இடம் அடிமண். விளக்கின் அருகில் கிடைக்கும் எண் விற்பனைக்கு உதவும், செடிக்கு உதவாது. அரை மீட்டர் ஆழத் தெளிநீர் விழுங்கும் ஒளி சிறிதே. விளக்கிலிருந்து விலக விலக ஒளி விரிந்து மெலிவதே பெரிய இழப்பு. ஆதலால் ஆழமான தொட்டிக்கு விளக்கின் கோணமும் உயரமும் முதன்மை.

மூன்றாவது, ஒளி தனித்து வேலை செய்வதில்லை. ஒளியை உயர்த்தினால் செடியின் பசியும் உயர்கிறது. கார்பன் டை ஆக்சைடும் சத்துகளும் அதற்கு ஈடுகொடுக்காவிடில் செடி நின்றுவிடும். குறைந்த வளத்தில் வாழத் தெரிந்த பாசி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். வாரிங்டன் காலத்து ஜன்னல் பாசிக்கும் இன்றைய எல்.இ.டி. பாசிக்கும் காரணம் ஒன்றே.

நான்காவது, காலம். சாந்தன்பாறை ஏறத்தாழ வடக்கு 10 பாகையில் உள்ளது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இம்மலையின் செடிகளுக்குப் பகல் நீளம் பெரிதும் மாறுவதில்லை. மாறுவது மேகமும் இலைமறைவும். புதுத் தொட்டியை நாளுக்கு ஆறு மணி நேரத்தில் தொடங்கி, செடி வேர்பிடித்த பின் எட்டு மணி நேரத்துக்கு உயர்த்தும் வழக்கமும், மங்கலாக்கும் கருவி உள்ள விளக்கைத் தேர்வதும் இதனால் பொருளுடையவை. கெல்வினும் நிறங்களும் கடைசியில் வரலாம். அவை பார்ப்பவரின் உரிமை, தவறில்லை. அவற்றைச் செடியின் தேவை என்று பெயரிடுவதே தவறு.

9. நிழலை விலைக்கு வாங்குதல்

தொட்டிக்காரர் நூற்றைம்பது ஆண்டுகளில் வந்து சேர்ந்த ஒழுங்கை ஏலக்காடு வேறு வழியில் அறிந்திருந்தது. அங்கே அளக்கப்பட்டது வெளிச்சமன்று, நிழல். பலா, சந்தனவேம்பு முதலான மரங்களின் கிளைகளை மழைக்காலத்துக்கு முன், மே மாத அளவில், கவாத்து செய்வர். தென்மேற்குப் பருவமேகம் மூடும் மாதங்களில் குறைந்த ஒளியும் செடியை எட்டும். மழை ஓய்ந்து கோடை வருவதற்குள் கிளைகள் தழைத்து மறைவைத் திருப்பித் தரும். ஆண்டு முழுவதற்கும் அமைக்கப்பட்ட மங்கலாக்கும் கருவி அது. அரிவாளும் பருவமும் அதன் இயக்கிகள்.

அதிக விளைச்சல் தரும் 'ஞள்ளானி' போன்ற இரகங்கள் பரவிய பின் கவாத்து கடுமையாயிற்று, நிழல் மெலிந்தது என்பதை ஏலமலை பற்றிய ஆய்வுகள் சுட்டிவருகின்றன. மறுபுறம், இங்குள்ள நிலம் காடா வருவாய் நிலமா என்னும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. அந்த வாதத்தில் மரம் எண்ணிக்கையாகவும் உடைமையாகவும் பேசப்படுகிறது. மரம் செடிக்குத் தரும் ஒளியளவு எந்தத் தரப்பின் கணக்கிலும் முதன்மையாக வருவதில்லை. தெருவிளக்கின் அலகு செடிமேல் ஏற்றப்பட்டதைப்போல, இங்கும் வேறு தேவைக்கான அலகு ஒன்று நிழலின்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது.

2024இன் கோடை வறட்சியில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் பெரும் இழப்பைக் கண்டன. மரநிழல் போதாத தோட்டங்களில் பச்சை நிழல்வலைகள் விரிந்தன. நிழல்வலை 50, 75 என்று விழுக்காடு குறித்து விற்கப்படுவது. தொட்டிக்காரர் சூரியனுக்கு ஈடாக விளக்கை வாங்குகிறார். தோட்டக்காரர் மரத்துக்கு ஈடாக வலையை வாங்குகிறார். இருவர் கையிலும் ஒற்றை எண் கொண்ட அட்டை. அந்த எண், நேரத்தையும் பருவத்தையும் சொல்லுவதில்லை. 50 விழுக்காட்டு வலை, பங்குனி நண்பகலில் மறைப்பதையே ஆடிமாத மேகத்தின் கீழும் மறைக்கும். யாரேனும் கழற்றிச் சுருட்டினாலொழிய அது தளர்வதில்லை. மரம் தளரும், தழைக்கும்.

இன்னொன்றும் உண்டு. மரக்கிளை ஏலச்செடியோடு நிற்பதில்லை. அதன் கீழே இறங்கும் ஓடைக்கும், கரையில் நிற்கும் நிழற்செடிக்கும், நீரின் குளிர்ச்சிக்கும் அதே கிளைதான் காவல். வலை விரித்த இடத்துக்கு மட்டும் நிழல் தரும். ஓடைக்கு யாரும் வலை விரிப்பதில்லை.